பெயர் வெட்டிய எக்ஸ்ரே

பண்ணையார் சாரங்கபாணி குடும்பத்தின் மீது சங்கத் தலைவர் இராஜாங்கத்துக்கு நான்கு குற்றச்சாட்டுகள். வரிசை மாறாமல்தான் சொல்வார். யாராவது குறுக்கே பேசினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்.

ஒன்று: சுடுகாட்டுப் பாதையை வேலி போட்டு அடைத்தது. சங்கத்துத் துரைராசுவின் அப்பா செத்தபோது, அவரை நடவு வயலில் இறங்கித்தான் தூக்கிப் போனார்கள்.

இரண்டு: மதகை இறக்கித் தண்ணீரை அடைத்து, அவருடைய தெருக்காரர்களின் குத்தகை வயலைக் காயவிட்டது.

மூன்று: கூலி உயர்வு கேட்டு அறுப்புக்குப் போகாமல் நின்றபோது, வெளியூரிலிருந்து அறுப்பு இயந்திரம் கொண்டுவந்து இறக்கியது.

நான்கு: சாரங்கபாணியின் மகள் குந்தவை, நன்னிலம் கடைத்தெரு எக்ஸ்ரே மையத்தில் உட்கார்ந்துகொண்டு, அவருடைய படத்தில் பெயரை வெட்டியது.

நான்காவதைக் கேட்கத்தான் இப்போது வந்திருந்தார். துரைராசுவும், எதிர்க்கடையில் டீ போட்டுக்கொண்டிருந்த கலந்தரும் சாட்சிகள். மனைவி அம்சம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள்.

“என்னங்கய்யா?” என்று எழுந்தாள் குந்தவை.

அவர் போனை நீட்டினார். “இது என் நெஞ்சா?”

வீட்டில் ஒருவருக்கு இருமல் நிற்கவில்லை என்றால் கூட இருப்பவருக்கும் சேர்த்துப் படம் எடுக்கச் சொல்வார் டாக்டர். அப்படித்தான் இராஜாங்கத்தின் இருமலுக்காகப் போன வாரம் இருவருக்கும் எடுத்தார்கள். அம்சம்தான் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். “உங்க நெஞ்சு கழுவி விட்ட மாதிரி இருக்காம்” என்று போனில் படத்தைக் காட்டினாள். அன்றிலிருந்து வீட்டில் விரால் குழம்பு. கேட்டால், மீன் மலிவு என்றாள்.

“ஒண்ணும் இல்லன்னா ஏன் சட்டை தொளதொளன்னு தொங்குது?” என்றார் இராஜாங்கம். “இருமினா ஏன் ரத்தம் வருது? இது என் நெஞ்சே இல்ல. எங்க தெரு ஆளுங்கதானே, எந்தப் படத்தை அனுப்பினா என்னன்னு நினைச்சுட்டியா?”

“அப்படியெல்லாம் இல்லீங்கய்யா.”

“கம்ப்யூட்டர் படம்தானே. வெள்ளையைக் கறுப்பாக்கலாம், கறுப்பை வெள்ளையாக்கலாம்.”

“வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். உள்ள பதிஞ்சது மாறாதுங்கய்யா. ஒத்த நாத்து நடவுக்குக் கயிறு புடிச்சுக் கட்டம் கட்டுவீங்கல்ல, அது மாதிரி படம் பூரா சின்னச் சின்னக் கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண். அதுதான் கறுப்பு வெள்ளையா தெரியுது.”

“நடவைப் பத்தி எங்கிட்டயா? உங்கப்பா குடை புடிச்சு வரப்புல நின்னவரு. அவருகிட்ட போய்ச் சொல்லு.”

கலந்தர் சிரித்தார். குந்தவை சிரிக்கவில்லை.

“சரி பாப்பா. பேரை எப்ப போடுவ?” என்றார் இராஜாங்கம்.

“எடுக்கிறதுக்கு முன்னாடியே போட்டுடுவோம். அது படத்தோட…” என்றவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“படத்தோடவே இருக்கும். நானும் படிச்சிருக்கேன். அப்ப இதுல எங்க? மேல ஒரு விரல் அகலம் வெட்டியிருக்கு.”

குந்தவை அம்சத்தைப் பார்த்தாள்.

“கம்ப்யூட்டர்ல இதே படத்தை முழுசாத் தெற. பேரைச் சாட்சி முன்னால படிக்கணும்.”

அது அவர் வாங்கிக் கொடுத்த முறை. நூறு நாள் வேலையில் செத்தவன் பெயருக்கெல்லாம் வருகை விழுந்த காலத்தில், சாலையில் உட்கார்ந்து வாங்கியது. இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்களுக்குக் கேட்கும்படி பெயரைப் படிக்க வேண்டும்.

“வேணாங்கய்யா. வீட்டுக்குப் போங்க.”

“தெறக்கிற வரைக்கும் வாசல்லதான் உக்காருவேன்.”

“பாப்பா, வேணாம்” என்றாள் அம்சம்.

“நீ ஏன் அவளைக் கெஞ்சுற? அந்த வீட்டுல நாம கெஞ்சி நின்ன காலமெல்லாம் முடிஞ்சுபோச்சு.”

அவர் வாசலில் உட்காரப் போனார். இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். துண்டால் வாயைத் துடைத்து, துண்டை உடனே மடித்துக்கொண்டார்.

அம்சம் அதைப் பார்த்தாள். “தெறந்துடு பாப்பா. விடமாட்டாரு.”

குந்தவை படத்தைத் திறந்தாள். போனில் இருந்த அதே படம், திரை முழுக்க. இரண்டு நுரையீரலும் மாசில்லாமல் கறுத்திருந்தன. மேல் ஓரத்தில் சின்னதாக ஆங்கில எழுத்து.

“நான் படிக்கட்டுமாண்ணே?” என்றான் துரைராசு.

“எனக்குத் தெரியும்.” மனுவைத் தட்டச்சு செய்பவர்கள் பெயர்களை மாற்றிவிடுகிறார்கள் என்று அவர் கற்றுக்கொண்ட எழுத்துகள் அவை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூட்டினார். உதடு அசைந்தது.

அப்புறம் அசையவில்லை.

திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குந்தவை மெதுவாகச் சொன்னாள். “டாக்டர் கைவிரிச்சதும் இந்த அம்மாதான் பேரை வெட்டித் தரச் சொல்லிக் கேட்டாங்க. இருக்கிற வரைக்கும் அவரு மேடையில நின்னு பேசட்டும்னாங்க. எனக்கு மறுக்கத் தோணலீங்கய்யா.”

துரைராசுவுக்கு அது காதில் விழவில்லை. “கேக்கலண்ணே. சத்தமா. யாரு பேரு போட்டிருக்கு?”

இராஜாங்கம் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். மேடையில் நிற்பதுபோல் நிமிர்ந்தார். சாட்சிகள் இருவருக்கும் கேட்கும்படி படித்தார்.

“அம்சம். கணவர் பெயர், இராஜாங்கம்.”