அறுபத்திரண்டு டீபாட்டுகள்

தானமாகக் கொடுக்கும் பழைய சாமான்களை ஏற்றிப்போக ஸ்டோக் நகரத்து சாரிட்டி கடை வேன் வரும் நேரம். மூரியல் அறுபத்திரண்டு டீபாட்டுகளையும் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கிவிட்டாள். அத்தனையும் அந்தக் காலத்துப் பீங்கான். அத்தனையிலும் ரோஜாப்பூ.

கல்யாணமான புதிதில் மாமியார் கொடுத்த முதல் டீபாட்டைப் பார்த்து, மரியாதைக்கு "ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லித் தொலைத்திருந்தாள். அன்றிலிருந்து நாற்பது வருடம், பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் புருஷன் வீட்டார் ஆளாளுக்குத் தேடிப்பிடித்துக் கொடுத்தது ரோஜாப்பூ டீபாட்தான். மூரியல் குடிப்பதோ காபி.

புருஷன் சிரிலுக்காகத்தான் பொறுத்துக்கொண்டாள். அவர் போய் மூன்று வாரமாகிறது.

வாசல் மணி அடித்தது. நாத்தனார் எனிட், கையில் பார்சலோடு நின்றாள். பிரித்தால், பானை அளவுக்கு ஒரு ரோஜாப்பூ டீபாட்.

இதுவும் சேர்ந்து போகட்டும் என்று நினைத்தபடி மூரியல் மூடியைத் தூக்கினாள். வரவில்லை.

"இழுக்காதீங்க அண்ணி, ஒட்ட வெச்சிருக்கோம்."

"அப்புறம் டீ எப்படிப் போடறது?"

எனிட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாம்பலை வாங்கிட்டு வரச் சொன்னீங்கல்ல? அண்ணனை அந்த பிளாஸ்டிக் டப்பாவுல விட மனசு வரல. உங்களுக்குப் பிடிச்சதுலயே வெச்சுட்டோம். மத்ததுக்கெல்லாம் நடுவுல வைங்க. இனிமே ஞாயித்துக்கிழமையானா எல்லாரும் பார்க்க வருவோம்."

வெளியே வேன் வந்து நின்றது.

"ரொம்ப அழகா இருக்கு" என்றாள் மூரியல்.