கமலாசனியின் சப்பாத்து நாடா

பந்தை அடித்துவிட்டு ஓடும் எல்லே விளையாட்டின் இறுதியாட்டம்; ஓடுபவள் மேல் பந்து பட்டால் அவுட். பந்து தோளில் பட்டு அவுட்டான கமலாசனி, விலகிப் போகாமல் ஓட்டப்பாதையிலேயே குனிந்து நிற்கிறாள். அதே அணியில் பின்னால் ஓடிவரும் தங்கையை நோக்கி எதிரணி எறிந்த பந்து இவள் முதுகில் பட்டுப் புழுதியில் உருள்கிறது. தங்கை எல்லைக் கம்பைத் தொட்டுத் துள்ளுகிறாள். அதுதான் வெற்றி ஓட்டம். நடுவர் திலகவதி ரீச்சருக்கு அந்தக் குனிதல் பிடிக்கவில்லை. "ஏன் நிண்டனீ?" "சப்பாத்து நாடா அவிண்டு போச்சு ரீச்சர், கட்டினனான்." ரீச்சர் கீழே பார்க்கிறாள். இரட்டை முடிச்சுகள் இறுகிக் கிடக்கின்றன. அவற்றின் மேல் படிந்த புழுதிகூடக் கலையவில்லை. கமலாசனி ரீச்சரின் கண்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறாள். விசில் ஒலிக்கிறது. "அவுட்டானவள் பந்தை மறிச்சால் பின்னாலை ஓடுறவளும் அவுட்." துள்ளல் நிற்கிறது. சாய்ந்த வெயிலில் தங்கை மெல்ல நடந்து வருகிறாள், நடுவரிடமல்ல, அக்காவிடம். "உனக்கு இந்தச் சட்டம் முதலே தெரியுந்தானே?"