அன்புள்ள இடதுகால் திருடருக்கு

இதில் ஒரு எழுத்துகூடக் கற்பனை இல்லை. தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம். யார் தலையில் என்பதை மட்டும் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்தச் செருப்புக் கடைக்காரருக்கு இருந்த ஒரே குறை, அவர் தைத்த செருப்பு தேயாது என்பதுதான். ஒருமுறை வாங்கியவர் மறுபடி கடைப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

"இந்த மழைக்காலத்துக்குள்ள யாவாரம் சூடு பிடிக்கலைன்னா பேசாம என் டயர் கடைக்கு வந்துடுங்க மச்சான். உங்களுக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டு வச்சிருக்கேன்" என்று மச்சினன் பாசத்தோடு மிரட்டியிருந்தான். அந்த ஸ்டூலை நினைத்தாலே கடைக்காரருக்குச் சோறு இறங்காது.

மனைவி கடைக்காகச் சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் நடத்திவந்தாள். தினம் ஒரு செருப்பின் படம், கீழே 'தரமானது, உறுதியானது' என்று ஒரு வரி. அதை விரும்பியவர்கள் மனைவி, மச்சினன், பிறகு முடி வளர எண்ணெய் விற்கும் முன்பின் தெரியாத ஒருவர்.

மதியம் சாப்பாடு கொண்டுவருவது மாமியார். மகளும் மாப்பிள்ளையும் உள்ளறையில் சாப்பிட்டு முடிக்கும்வரை கடைக்குக் காவல் உட்காருவார். உட்கார்ந்ததும் குறட்டை தொடங்கிவிடும். அந்தச் சத்தத்துக்கு எந்தத் திருடனும் கிட்டே வரமாட்டான் என்று குடும்பமே தைரியமாக இருந்தது.

அப்படியும் ஒருவன் வந்துவிட்டான். கடைக்காரர் கைகழுவிவிட்டு வந்தபோது அலமாரி துடைத்துவிட்டதுபோல இருந்தது.

"கண்ணசந்துட்டேனே மாப்பிள்ளை! கட்டையில போற தூக்கம்!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"விடுங்கத்தை. போனது பூரா இடது கால்" என்றார் கடைக்காரர். மாதிரிக்கு ஒற்றைக் காலை மட்டும் வெளியே வைப்பார். வலது காலெல்லாம் உள்ளே பெட்டியில் பத்திரமாக இருந்தது.

மனைவி அன்று 'தரமானது, உறுதியானது' போடவில்லை. காலி அலமாரியைப் படம் பிடித்துப் போட்டு, கீழே எழுதினாள்:

'அன்புள்ள இடதுகால் திருடருக்கு, ஜோடியைப் பிரித்த பாவம் உங்களைச் சும்மா விடாது. வலது கால்கள் இங்கே அன்ன ஆகாரமில்லாமல் கிடக்கின்றன. ஒரு நடை வந்து போகவும்.'

சாயங்காலத்துக்குள் ஊரே அதைப் படித்துச் சிரித்தது. இருட்டுவதற்குள் 'இடதுகால்' என்ற பெயரில் ஒரு பதிலும் வந்தது:

'ஒற்றைக் காலை வைத்து ஆளை ஏமாற்றுவதுதான் வியாபாரமா? நானும் குடும்பஸ்தன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். குதிகால் கடிக்கவில்லை. வாருக்கு உள்ளே இரட்டைத் தையல் அருமை.'

கடைக்காரர் அந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்பவும் படித்தார். உள்ளே இரட்டைத் தையல் போடுவது வெளியாட்களுக்கு எப்படித் தெரியும்? அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்துச் சிரித்தாள். 'அடி கள்ளி!' என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் சுவாரசியம் போய்விடுமே.

அதன்பின் கடைக்கும் திருடனுக்கும் தினமும் கடிதப் போக்குவரத்துதான். திருடன் நக்கலடிப்பான், கடை பதிலுக்குக் காலை வாரும். நடுவே ஜனங்கள் புகுந்து பஞ்சாயத்து பண்ணுவார்கள். பிறகு, திருடனே மெச்சிய செருப்பைப் போட்டுப் பார்க்க நேரில் வர ஆரம்பித்தார்கள். ஆர்டர் குவிந்தது. மச்சினன் அந்த ஸ்டூலில் கிரீஸ் டப்பாவை ஏற்றி வைத்தான்.

ஒருநாள் திருடன் எழுதினான்: 'நாளை மதியம் வலது கால்களை எடுக்க வருகிறேன். மூட்டையாகக் கட்டி வைத்தால் உபகாரம்.'

ஊர் குதூகலித்தது. கடைக்காரர் தன் கையாலேயே மூட்டை கட்டினார். மனைவி அதன் கழுத்தில் சிவப்பு ரிப்பன் முடிந்து, படம் பிடித்து, 'மாப்பிள்ளை அழைப்புக்குத் தயார்' என்று போட்டாள்.

"அத்தை, நாளைக்கு ஒருநாள் நீங்க வர வேண்டாம்."

"திருடன் வர்ற இடத்துல எனக்கென்ன வேலை மாப்பிள்ளை? நெஞ்சு படபடங்குது" என்றார் மாமியார்.

மறுநாள் மதியம், மனைவி சௌகரியமாக மூட்டையை அப்புறப்படுத்தட்டும் என்று கடைக்காரர் கதவைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பும்போது தெருமுனையில் மனைவி எதிரே வந்தாள். கையில் தையல்காரரிடம் வாங்கிய ரவிக்கை. இருவருமாகக் கடைக்குள் நுழைந்தார்கள். மூட்டை இல்லை.

"பலே! எங்கடி ஒளிச்சு வச்சே?"

"நானா? நீங்கதானே எடுத்தீங்க? உங்களுக்கு வசதியா இருக்கட்டும்னுதானே நான் வெளியே போனேன்!"

"அப்ப அந்த இடதுகால் நீ இல்லையா?"

"நீங்க இல்லையா?"

மனைவிக்குச் சிரிப்பு பீறிட்டது. கடைக்காரருக்கு வரவில்லை.

அன்று மாலையே வலைத்தளத்தில் புதுப் பக்கம் ஒன்று முளைத்தது. பெயர் 'ஜோடி சேர்ந்தாச்சு'. எல்லாச் செருப்பும் இடதும் வலதுமாகப் பளபளவென்று நின்றன. 'ஊரறிந்த செருப்பு, வீட்டுக்கே வந்து தரப்படும், விலை கடையைவிடச் சற்றுக் கூடுதல்' என்ற அறிவிப்போடு, கடைக்காரர் இதுவரை பார்த்திராத ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தது.

"இன்னிக்கு அவனா நானான்னு பார்த்துடறேன்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அந்த எண்ணைத் தட்டினார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"உங்களுக்கு எட்டாம் நம்பர்தானே மாப்பிள்ளை? வீட்டு மனுஷர், பார்த்துப் போட்டுத் தர்றேன்."