கிடாவின் நெஞ்சில் காவி

செம்மறிகள் சினைப்படாத காலம் அது. கிடாவைப் பெட்டைகளின் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாமல் ஒரு மாதம் பிரித்துவைத்துத் திடீரென்று உள்ளே விட்டால் அவை பருவத்துக்கு வந்துவிடும் என்றார் கால்நடை டாக்டர். மாசானம் கிடாவை மலைக்கு அப்பாலிருந்த தோட்டத்துக்கு ஓட்டிப்போனான். தனியாக விட்டால் கத்திக் கத்தியே மெலிந்துவிடும் என்று தானும் அங்கேயே தங்கிவிட்டான்.

மாதம் கழித்துக் கிடாவோடு திரும்பி வந்தவனுக்கு அவன் மனைவி சுடலி முகம் கொடுக்கவில்லை. “நீரு கெடாவோடயே குடும்பம் நடத்தும்” என்றாள். அதோடு பேச்சு நின்றது.

மாலைதோறும் மாசானம் காவியை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் அப்பிப் பட்டிக்குள் விட்டான். அது ஏறிய பெட்டையின் பின்பக்கம் சிவந்துவிடும். எது சேர்ந்தது என்று காலையில் பார்த்துக்கொள்ளலாம். நாட்கள் போயின. பெட்டைகள் வெள்ளையாகவே நின்றன. வீட்டிலும் தட்டில் சோறு விழும் சத்தம் மட்டும்தான்.

பிறகு ஒரு காலையில் பட்டியே சிவந்து கிடந்தது. கிழட்டு ஆடு, மொண்டி ஆடு, எல்லாவற்றின் மேலும் காவி. சுடலி வாய்விட்டுச் சிரித்தபடி ஆடுகளுக்கு நடுவே ஓடினாள். பக்கத்துப் பட்டிக்காரி பேராச்சி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஒன்னுகூடத் தப்பலியே மதினி!”

“ஒன்னுகூட இல்ல தாயி!” என்ற சுடலி, அடுத்த ஆட்டைப் பிடிக்கத் திரும்பிக் குனிந்தாள்.

அவளுடைய வெள்ளை ரவிக்கையின் முதுகில், ஐந்து விரலும் விரிந்த சிவப்புக் கை ஒன்று பதிந்திருந்தது.

பேராச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். படலருகே நின்ற மாசானம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கிடாவையே பார்த்தான்.