கிபிரின் அடிப்பக்கம்

வெள்ளவத்தை மாடிவீட்டுக்குள் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. சன்னலோரம் லவன் மூச்சை அடக்கிக்கொண்டு, மொடல் போர்விமானத்தின் விமானி இருக்கையில், தனியாகத் தருவித்த மயிரளவுப் பித்தளைப் பட்டிகளை ஒட்டுகிறான். கடற்கரை ரயில் போக, கிளாஸில் தூரிகைகள் நடுங்குகின்றன. தேத்தண்ணியோடு வந்த மனைவி ரூபிகா அப்படியே நிற்கிறாள். “கிபிரோ?” “ஓம். சீற்றில பெல்ட்கூடப் போட்டிட்டன், பாரும்.” போரில் கிபிர்கள் குண்டு போட்ட கிளிநொச்சியில் வளர்ந்தவள் இருக்கையைப் பார்க்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு, விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்க்கிறாள். மற்றக் கை தானாகவே காதைப் பொத்துகிறது. விமானத்தின் அடிவயிறு முழுக்க வெறும் சாம்பல் பிளாஸ்டிக். “அந்தப் பக்கம் பெயின்ற் அடிக்கேல்ல. அதை ஆர் பாக்கப்போகினம்?” என்கிறான், கொழும்பிலேயே வளர்ந்தவன். “நாங்கள் அதை மட்டும்தான் பாத்தனாங்கள்.”