ஒத்திகைக்கு வராத கல்யாணி

"சாஹித்யா வரமாட்டா சார்! ஹப்சிகுடா சிக்னல்கிட்ட ஸ்கூட்டி வழுக்கி விழுந்துட்டாளாம். கால்ல மாவுக்கட்டு!"

சேதியைச் சொல்லிப் போனை இறக்கிய டைரக்டர் ஆரோன் முகத்தில் ஈயாடவில்லை. மணி ஐந்தே முக்கால். மல்காஜ்கிரி கம்யூனிட்டி ஹாலில் நாற்காலிகள் நிரம்பத் தொடங்கிவிட்டன. ஆறரைக்கு நாடகம். கதாநாயகி கல்யாணியாக நடிக்கும் சாஹித்யாவோ ஆஸ்பத்திரியில்.

நாடகம் எழுதிய பத்மநாபன் மேக்கப் அறை மூலையில் உட்கார்ந்திருந்தார். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை. ஐம்பத்தாறு வயதில் முதல் நாடகம். வருஷா வருஷம் பழைய சிரிப்பு நாடகத்தையே போட்டு ஓட்டிய தமிழ்ச் சங்கக் கமிட்டி, "சரி, இந்த ஒரு தடவை பார்க்கலாம்" என்று அரை மனசோடு கொடுத்த தேதி. இன்று நின்றுபோனால் அவர் நாடகம் இனி மேடை ஏறாது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"நான் என்னத்தைச் சமாளிக்கிறது?" என்று கையை விரித்தார் கணவனாக நடிக்கும் கொர்னேலியஸ். "நாடகம் பூரா கல்யாணிதான் பேசுறா. எனக்கு 'ம்', 'ஆகட்டும்', இதைத் தவிர வசனமே இல்லையே!"

பத்மநாபன் வாய் திறந்தார். அதுவே அதிசயம்தான். மூன்று மாத ஒத்திகையில் மனிதர் முப்பது வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

"வேதா பண்ணுவா."

எல்லோரும் திரும்பினார்கள். அவர் மனைவி வேதா, குழுவுக்குக் கொண்டுவந்த சுண்டல் பொட்டலங்களை அப்போதுதான் பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு, நானா? விளையாடுறீங்களா?"

"நக்கோ சார், வேண்டவே வேண்டாம்!" என்று பதறினான் ஆரோன். "ஆன்ட்டி ஒரு ரிகர்சலுக்குக்கூட வரலை. கதையாவது தெரியுமா ஆன்ட்டி?"

"நல்லா கேட்டே போ! ஒரு பக்கம் கண்ணுல காட்டினதில்லை. பீரோவுல வெச்சுப் பூட்டில்ல வெச்சிருந்தார்!"

வசனம் எடுத்துக் கொடுக்கும் ஸ்டெஃபி ஓடிவந்து ஸ்கிரிப்டை நீட்டினாள். வேதா வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தாள். இந்தக் குழுவில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் வசனம் தமிழ், எழுத்து தெலுங்கு. திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்த வேதாவுக்குத் தெலுங்கு எழுத்து பஸ் போர்டு வரைக்கும்தான்.

"போச்சுடா!" என்று தலையில் கை வைத்தான் ஆரோன்.

"அவளுக்கு வரும்" என்றார் பத்மநாபன் மறுபடி.

வேதா கணவரைப் பார்த்தாள். அவர் கல்யாணியின் புடவையைக் கையில் எடுத்து வைத்திருந்தார். "சரி, அந்தப் புடவையைக் கொடுங்க" என்றாள்.

திரை விலகும் முன் பத்மநாபன் அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கும். வேதா திடுக்கிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் திரை விலகிவிட்டது.

மேடையில் ஒரு அடுப்பு, இரண்டு நாற்காலி, பேப்பரும் கையுமாகக் கொர்னேலியஸ். வேதா அடுப்பின் முன் போய் நின்றாள். பக்கத் திரை மறைவில் ஸ்டெஃபி முதல் வரியில் விரலை வைத்து வாய் திறப்பதற்குள், வேதா பேசத் தொடங்கிவிட்டாள்.

ஸ்டெஃபியின் விரல் வரி வரியாக இறங்கியது. அங்கங்கே ஒரு சொல் முன்னே பின்னே வந்தது. மற்றபடி அதே வசனம்! அதே வரிசை!

இரண்டாம் காட்சிக்கு முன்னும் பத்மநாபன் காதில் ஏதோ சொன்னார். அந்தக் காட்சியில் ஹாலே குலுங்கிச் சிரித்தது. மூன்றாவதற்கு முன் அவர் சொன்னதைக் கேட்டதும் வேதாவின் கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மேடைக்குப் போனாள்.

"பதினைஞ்சு நாள் நான் இல்லாம இந்த வீட்ல என்ன குறைஞ்சுதுன்னு பார்த்தேன். குக்கர் விசிலை எண்ண ஆள் இல்லை. அவ்வளவுதானே?"

ஹாலில் செல்போன் நோண்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்துவிட்டார்கள். கொர்னேலியஸ் தன்னுடைய 'ம்'மையே மறந்துவிட்டார். ஸ்டெஃபி ஸ்கிரிப்டை மூடிவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

திரை விழுந்தும் கைதட்டல் ஓயவில்லை. கமிட்டித் தலைவரே மேடைக்குப் பின்னால் வந்து பத்மநாபனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அடுத்த வருஷமும் உங்க நாடகம்தான் சார்!"

ஆரோன் நேராக வேதாவிடம் போனான். "ஆன்ட்டி, என்னால நம்பவே முடியலை. ஒரு முழு சீனை ஒரே வாக்கியத்துல எப்படிச் சொல்லிக் கொடுத்தார்?"

"அவர் எங்கே சொல்லிக் கொடுத்தார்?" என்றாள் வேதா. "முதல்ல, 'மௌலாலி ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த மறுநாள்'னார். அடுத்து, 'காஸ் தீர்ந்த தீபாவளி'ன்னார். கடைசியில, 'உங்கப்பா காரியம் முடிஞ்சு திரும்பி வந்த ராத்திரி'ன்னார்."

"அப்போ அந்த வசனமெல்லாம்?"

வேதா மூலையில் தலைகுனிந்து நின்ற கணவரைப் பார்த்தாள்.

"நான் இவர்கிட்ட பேசினது. ஒரு நாள்கூடப் பேப்பரை விட்டு நிமிர்ந்ததில்லை, இருபத்தெட்டு வருஷமா சுவரோட பேசிட்டிருக்கேன்னுல்ல நினைச்சேன்!"