யார் கூப்பிட்டது?

“இவனை யாரு உள்ள விட்டது?”

ஜோனத்தன் குரலைத் தாழ்த்தி, மனைவி குமுதாவிடம் கேட்டார்.

ஜார்ஜ்டவுனில் ஒரு சின்ன லூத்தரன் சபைக்கு அவர்தான் செயலாளர். அன்று சீர்திருத்தத் திருநாள். ஆராதனைக்கு முன்னால் மார்ட்டின் லூத்தரைப் பற்றிப் பேசிவிட்டு அப்போதுதான் இறங்கி வந்திருந்தார்.

“கிருபைங்கிறது நாம பாடுபட்டு வாங்குற கூலி இல்ல. ஆண்டவர் சும்மா கொடுக்கிறது. இதைச் சொல்லத்தான் லூத்தர் தனி ஆளா எழுந்து நின்னாரு!” என்று அவர் முடித்தபோது நல்ல கைதட்டல்.

கடைசி பெஞ்சில் மோகனராஜ் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். இதே சபையில் ஞானஸ்நானம் வாங்கியவன். குடித்துவிட்டு லாரி ஓட்டி, மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜோவானை அடித்துக் கொன்றவன். ஜோவான், அக்னஸ் அக்காவுக்கு ஒரே பிள்ளை. மோகனராஜ் சிறையிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

“பாவம் லா, ஓர் ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே” என்றாள் குமுதா.

“அக்னஸ் அக்கா வர்ற நேரம். இவனைப் பார்த்தா அவங்க மனசு என்னா ஆகும்?”

ஜோனத்தன் விறுவிறுவென்று பின்னால் போனார்.

“எந்த முகத்தோடப்பா இங்க வந்த?”

மோகனராஜ் பதறி எழுந்தான். “வேணாம்னுதான் அண்ணே நானும் சொன்னேன்...”

“ஒண்ணும் பேசாத. முதல்ல வெளிய போ. அப்புறமா பாஸ்டரைத் தனியா வந்து பாரு.”

அவன் வாசலை நோக்கி நடந்தான்.

அங்கே, மூச்சு வாங்க, அக்னஸ் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

சபையே திரும்பிப் பார்த்தது. ஜோனத்தன் ஓடிப்போய் நடுவில் நின்றார்.

“அக்கா, நீங்க உள்ள போங்க. இவனை நான் அனுப்பிடறேன்.”

“அனுப்பாதீங்க தம்பி. நான்தான் கூட்டிட்டு வந்தேன். ஜுருவுல அவன் வீட்டுக்கே போய் ஏத்திக்கிட்டு வந்தேன். காடி நிறுத்த இடம் கிடைக்கல, அதான் அவனை முன்னால இறக்கிவிட்டேன்.”

ஜோனத்தனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எப்பேர்ப்பட்ட மனசுக்கா உங்களுக்கு! இவனையே மன்னிச்சிட்டீங்களே!”

அக்னஸ் அக்கா இல்லை என்று தலையாட்டினார்.

“எங்க தம்பி... ‘நாங்கள் மன்னிக்கிறதுபோல’ன்னு ஜெபத்துல வருதே, அந்த இடத்துல இன்னிக்கு வரைக்கும் எனக்கு வாய் வரல.”

மோகனராஜைப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அவனை மன்னிக்க என்னால முடியல. தன்னை மன்னிக்க அவனாலயும் முடியல. அதான், ரெண்டு பேரும் சேர்ந்து வந்தோம்.”